மாத்தளை வெயிலும் என் கீழுதடும்

என் கீழுதட்டில் ஒரு துண்டு இல்லை. இடது ஓரத்தில், ஒரு துவரம்பருப்பு அளவு. தையல் ஆறிய பிறகு உதடு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அதனால் நான் சும்மா இருக்கும்போதும் யாரையோ கேலி செய்வதுபோல் தெரியும். பாதி நேரம் அது உண்மையும்கூட.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் உடற்பயிற்சி ஆசிரியை. வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து மைதானத்துக்கும் வருஷக்கணக்காகச் சைக்கிளில்தான் போய்வந்தேன். உதட்டில் வெள்ளையாக ஒரு பொருக்கு வந்தது, உரிந்தது, திரும்ப வந்தது. வெண்ணெய் தடவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் பூசிய உதட்டோடு மறுபடி வெயிலில் போனேன். கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதை வெட்டி எடுத்துவிட்டு, "இது புற்று இல்லை. புற்றுக்குப் போகிற வழி. வெயில் செய்த வேலை" என்றார்.

சைக்கிளை விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள், டாக்டரம்மாவைத் தவிர. அவர் சொன்னது வேறு. அகல விளிம்புத் தொப்பி போடு. வெயில் உள்ளே புகாதபடி உதட்டில் கெட்டியாக எதையாவது பூசு. துத்தநாகக் களிம்பு நல்லது, அது கிடைக்காவிட்டால் அடர்த்தியான லிப்ஸ்டிக்கும் ஆகும். சாப்பிட்டால், குடித்தால், துடைத்தால் மறுபடி பூசு. உதட்டை நக்காதே. வாயை மூடு என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உதட்டை மூடு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் பேச்சைக் கேட்டேன்.

கோடை விடுமுறை வந்தது. இலங்கையில் மாத்தளையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா கமலம், "இங்க வந்து ஒரு மாசம் வெயில் படாம இரு" என்று கூப்பிட்டாள். கப்பலேறினேன்.

மாத்தளை வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ரயில் குலுக்கலில் களிம்பு டப்பாவின் மூடி கழன்றிருந்தது. துணிகளில் அது வழிந்து, என் வெள்ளைச் சேலைகளெல்லாம் இன்னும் வெள்ளையாகியிருந்தன. டப்பாவின் அடியில் விரல் நுனியால் வழித்தெடுக்கும் அளவுக்குத்தான் மிச்சம்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, உதட்டைப் பார்த்து அழுதாள். "ஏட்டி ராஜம், முகமே மாறிப்போச்சே!"

"முகம் அப்படியேதான் இருக்கு. ஓரத்துல கொஞ்சம் குறைச்சிருக்காங்க."

அத்தானுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அவர் வந்தார், என்னைப் பார்த்தார், உதட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்றார். அவரை எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும். எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் சொதி உண்டு, ஆனால் அதற்கு ஒரு கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து வரவேண்டும். இங்கே தினமும் காலையில் ஊற்றுகிறார்கள். கூடவே மாசிக் கருவாடு போட்டு இடித்த சம்பல், சிவப்பாக, கண்ணில் நீர் வரும்படி. வெட்டுப்பட்ட உதட்டில் அது பட்டதும் நான் குதித்தேன். அக்கா தட்டை நகர்த்தினாள். நான் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டின் பின்புறம் கொட்டகையில் மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பச்சைச் சைக்கிளைப் பார்த்தேன். பதுளையில் கட்டிக்கொடுத்த அக்கா மகள் வசந்தாவுடையது. காற்று இல்லை, சங்கிலி துருப்பிடித்திருந்தது. மற்றபடி குறையில்லை.

"அதத் தொடாத" என்றாள் அக்கா.

தொட்டேன்.

மறுநாள் சைக்கிளைக் கடைத்தெருவில் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். துத்தநாகத் தூள் கொழும்பிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அப்படியே எதிர்ச்சாரியில் இருந்த ஃபேன்ஸி கடைக்குள் நுழைந்தேன். வளையல், ரிப்பன், பவுடர், கண்ணாடி. தொப்பி போட்ட கடைக்காரர் எழுந்து நின்றார்.

"லிப்ஸ்டிக் இருக்கா?"

"ஈக்கு. மகளுக்கா?"

"எனக்கு."

ரிப்பன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பார்ப்பதை நிறுத்தினார்கள். கடைக்காரர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார், வெள்ளைச் சேலையைப் பார்த்தார். எனக்குக் கணவர் போய்ச் சில வருஷங்களாகிவிட்டன. அது என் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பது எனக்குத் தெரியும்.

"ரோஸ் முடிஞ்சி" என்றார் தயங்கி. "சிவப்பு மட்டும்தான் ஈக்கு."

"கெட்டியாப் பிடிக்குமா?"

"லேசுல போகாது."

"அதுதான் வேணும்."

ஏதோ செய்யக்கூடாததைச் செய்கிறவர்போல் அதைக் காகிதத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். நான் அங்கேயே பிரித்து, அவர் கடைக் கண்ணாடியில் பார்த்து, உதடு முழுக்கப் பூசினேன். கீழுதட்டுக்கு இரண்டு பூச்சு. டாக்டரம்மா எந்த நிறம் என்று சொல்லவில்லை. வெயிலுக்கும் நிறம் பற்றிக் கவலை இருக்காது என்றுதான் நினைத்தேன்.

அக்காவுக்கு இருந்தது. வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"என்னட்டி இது? தாலியறுத்தவ செய்யுற காரியமா? துடை மொதல்ல!"

"இது மருந்துதான்க்கா."

"மருந்துக்கு இந்த நிறமா? ஊரு என்ன சொல்லும்? அத்தான் கடையில எப்படித் தலை நிமிர்ந்து உக்காருவாரு?"

அவள் முந்தானையால் என் வாயைத் துடைக்க வந்தாள். அவள் கையைப் பிடித்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், அவள் கையை நான் பிடித்து நிறுத்தியது அன்றுதான்.

"அக்கா, தாலியையும் அறுத்தாச்சு. உதட்டுலயும் ஒரு துண்டு அறுத்தாச்சு. ரெண்டும் என்னைக் கேட்டுப் போகல. இன்னொரு துண்டு குடுக்க மாட்டேன்."

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாப்பாட்டை நானே போட்டுச் சாப்பிட்டேன். பலாக்காய்க் கறி. கோபத்திலும் நன்றாகத்தான் சமைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை கிளம்பிவிட்டேன். அத்தானுடைய பழைய அகல விளிம்புச் சோலாத் தொப்பி ஆணியில் தொங்கியது. எடுத்து மாட்டி, காற்றில் பறக்காதபடி ஒரு லேஞ்சியால் தாடைக்குக் கீழே கட்டினேன். கைக்குட்டைக்கு இங்கே லேஞ்சி என்று பேர். காலில் கான்வாஸ் சப்பாத்து. சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகி, சிவந்த உதட்டோடு மாத்தளைக் கடைத்தெருவை நட்டநடுவே கடந்தேன்.

மதகில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கூவினார்: "அக்கா, படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது?"

"ரோட்டுல ஓடுது. நல்லாப் பாத்துக்க!" என்று சொல்லி மணியை அடித்தேன். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பல்லேபொலப் பக்கம் திரும்பியதும் ஊர் குளிர்ந்தது. இருபுறமும் வீட்டுத் தோட்டங்கள்: பலாவில் ஏறிய மிளகுக்கொடி, கராம்பு மரம், சாதிக்காய். எங்கள் ஊரில் அஞ்சறைப்பெட்டியில் மட்டும் பார்க்கிற சாமான்கள் இங்கே வேலிக்கு மேலே தொங்குகின்றன. ஆனால் நிழல் முடிந்து வயல்வெளி வந்ததும் உதடு எரிந்தது. தொப்பி நெற்றியையும் மூக்கையும் காக்கும். தாரிலிருந்தும் வயல் தண்ணீரிலிருந்தும் மேலே எழும்பிவருகிற வெயிலை எந்தத் தொப்பியும் தடுக்காது. அது நேராகக் கீழுதட்டைத் தேடி வருகிறது. காய்ந்தால் நாக்கு தானாக வெளியே வரும். நக்கினால் பூச்சு போகும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

வழியில் ஒரு தேநீர்க்கடை. கடைக்காரி சிங்களப் பெண். பால் இல்லாத தேநீரை ஒரு கோப்பையிலும், கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டைத் தட்டிலும் வைத்தாள். நான் குடித்துவிட்டுக் கைக்கண்ணாடியை எடுத்து மறுபடி பூசியதைப் பார்த்து ஏதோ கேட்டாள். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "யாரைப் பாக்கப் போறீங்கன்னு கேக்குது." நான் வானத்தைக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கும்பிட்டாள்.

கடையிலிருந்து சற்றுத் தூரம் போயிருப்பேன், சேலை முனை சங்கிலியில் மாட்டிக்கொண்டது. சைக்கிளோடு ஓரத்துப் புல்லில் சாய்ந்தேன். இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போயிற்று.

"நில்லுங்க தங்கச்சி, இழுக்காதீங்க. இழுத்தா கிழிஞ்சிரும்."

பின்னால் சைக்கிளில் வந்தவர் இறங்கினார். ஐம்பதை ஒட்டிய வயது; கேரியரில் சாக்கு மூட்டை, கராம்பு வாசனை. வீடு வீடாகப் போய் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற சுலைமான் நானா, அதாவது சுலைமான் அண்ணன். அத்தான் கடையில் கட்டிக்கொள்ளச் சாரம் வாங்குகிறவர், என்னைப் பற்றியும் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றிச் சேலையை விடுவித்தார். கறுப்பு மசி பிடித்த முனையைப் பார்த்துவிட்டு, என் உதட்டையும் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்ததும் அவர் கீழுதடு நடுவில் பிளந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தது. நாக்கால் துடைத்துக்கொண்டார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பொருக்கு, அதற்குள் சிவந்த பிளவு, கல்போலத் தடித்த விளிம்பு. என்னுடையது இதில் பாதிகூட இல்லை.

"நானா, இது எத்தனை நாளா இருக்கு?"

"இதுவா? போன நோன்புக்கு முந்தியே ஈக்கு. வெத்தலச் சுண்ணாம்பு சுட்டது. தேங்காண்ண பூசுறேன்."

"நானும் அதைத்தான் பூசினேன்." சிவப்பைத் துடைத்துவிட்டு உதட்டை விரலால் இழுத்துக் காட்டினேன், தையல் தழும்போடு. "இந்த இடத்தை வெட்டி எடுத்தாங்க. உங்களுக்கு இதைவிடப் பெரிசா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் சிரிப்பு நின்றது. பிறகு மறுபடி வந்தது, வேறு மாதிரி. "கறுத்த மனிசனுக்கு வெயில் என்ன செய்யும் தங்கச்சி? அதெல்லாம் வெள்ளக்காரனுக்கு வாற சொகுசு நோய் வருத்தம்."

"நான் என்ன வெள்ளைக்காரியா?"

"அல்லா பாத்துக்குவான்" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வேகமாகப் போனார். மூட்டை கட்டிய சைக்கிளை யாரும் அப்படி மிதிக்கமாட்டார்கள்.

நாலாம் நாள் மழை. மத்தியானத்திலிருந்து கூரையை உடைப்பதுபோல் கொட்டியது. குடை பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மிஸிஸ் கனகசபை வந்தார். யாழ்ப்பாணத்தார், கணவருக்கு அரசாங்க உத்தியோகம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வாங்காமல் ஆரம்பித்தார்.

"உங்கட ஊரிலை எப்பிடியோ தெரியாது. இஞ்சை சனம் கதைக்கும். உங்கட அக்காவின்ரை மரியாதையும் இருக்கெல்லே?"

"என்ன கதைக்கிறாங்க?"

"அதை என்ரை வாயாலை சொல்லக்கூடாது."

"அவங்களையே வந்து சொல்லச் சொல்லுங்க. என் வாயைப் பத்தின பேச்சுதானே, எனக்கும் கேக்கணும்ல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மிஸிஸ் கனகசபை போன பிறகு அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்த அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நனைந்த சட்டையை உதறிக்கொண்டே கேட்டார்.

"கடைக்கு வர்றவங்க சிரிக்கத்தான் செய்யுறாங்க கமலம். சிரிச்சுட்டுத் துணி எடுத்துட்டுத்தான் போறாங்க."

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் என் மனதில் நானாவின் உதடு பிளந்தபடியே இருந்தது. அத்தானிடம் அவர் வீடு எங்கே என்று கேட்டேன். உக்குவளையில், ஸ்டேஷனுக்குக் கிட்ட, என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் உக்குவளைக்கு மிதித்தேன். பள்ளிவாசலுக்கு அடுத்த சந்தில் வீடு. முக்காடு போட்ட ஒரு பெண் கதவைத் திறந்தாள். "வாங்க தாத்தா, உள்ளுக்கு வாங்க" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் கிழவர் யாராவது நிற்கிறாரா என்று. யாருமில்லை. இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊரில் தாத்தாவுக்கு மீசையும் கைத்தடியும் வேண்டும் என்று சொன்னதும் அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள்தான் நானாவின் மனைவி ஆயிஷா.

இஞ்சித் தேநீர் வந்தது. நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவள் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"சம்பல் பட்டா துள்றாரு தாத்தா. தேங்காப்பால் ஆணத்தோட மட்டும் சோறு தின்றாரு. கேட்டா பல்லு வலியாம். தலவாணியில ரத்தம் ஈக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாரு."

உள்ளறையிலிருந்து நானா வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "தங்கச்சி, நீங்க வெளியூர். உங்களுக்கு எதுக்கு இது?"

"எனக்கு யாரும் சொல்லல நானா. பொருக்கு வந்தப்ப வெண்ணெய் தடவுன்னு சொன்னாங்க. எவராவது ஒருத்தர் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன்னு சண்டை போட்டிருந்தா இன்னைக்கு என் உதடு முழுசா இருக்கும்."

"கத்தி வெச்சா வாய் கோணிரும். நான் வாயால யாவாரம் செய்ற ஆளு."

"என் வாய் கோணித்தான் இருக்கு. பேசுறேனா இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். "பேசுறீங்க. நல்லாவே பேசுறீங்க."

"ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. செத்தா போயிட்டேன்? நீங்களும் கொஞ்சம் சிரிப்பு வாங்கிக்கங்க. வராட்டி நான் தினமும் இந்த உதட்டோட வந்து இந்த வாசல்ல உக்காருவேன். உங்க தெருவும் சேந்து சிரிக்கட்டும்."

பதில் சொன்னது ஆயிஷா, என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. "நாளைக்குக் காலக் கோச்சியில நான் கண்டிக்குப் போறேன். வந்தா வாங்க. வராட்டி டாக்டருக்கிட்ட நானே சொல்றேன், நோயாளி பயந்து ஊட்டுல குந்திக்கிட்டு ஈக்கிறாருன்னு."

மறுநாள் காலை ரயிலில் மூன்று பேரும் இருந்தோம். நானா ஜன்னல் பக்கம், வாயை லேஞ்சியால் மூடிக்கொண்டு. ஆயிஷா ரொட்டியும் வாழைப்பழமும் பொட்டலம் கட்டியிருந்தாள். அவருக்கு மட்டும் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். வழியெங்கும் வயலும் மூங்கிலும் ஓடிக்கொண்டிருந்தன. இவ்வளவு அழகான பாதையில் இவ்வளவு மௌனமாக நான் வந்ததில்லை.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். எத்தனை வருஷம் சைக்கிள், பீடி உண்டா, வெற்றிலை உண்டா என்று கேட்டார். எல்லாம் உண்டு. முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களில் ஊரில் என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன் என்று எனக்கு நினைவில்லை. இதுவரை சரியாக எழுதிவந்தவள் இந்த இடத்தில் கோட்டை விடுகிறேன், மன்னிக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கிறது: அக்கா என்னிடம் கேட்காமலே, தினமும் கோவிலில் இரண்டு பேருக்கு அர்ச்சனை செய்துவந்தாள்.

புற்றுதான். ஆனால் உதட்டைத் தாண்டிப் போகவில்லை. கீழுதட்டின் நடுவில் ஆப்பு வடிவத்தில் வெட்டியெடுத்து இரு பக்கத்தையும் சேர்த்துத் தைத்தார்கள். இனி பீடி கூடாது, வெற்றிலை கூடாது, உதட்டை மூடாமல் வெயிலில் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நானாவைப் பார்க்கப் போனேன். வாய் சிறுத்து, முன்பு இருந்ததில் பாதியாக இருந்தது. எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் கோபமாக இருந்தார்.

"விசில் போச்சு தங்கச்சி" என்றார், தேநீர் ஓரத்தில் ஒழுக.

பல்லேபொலப் பக்கம் ஒவ்வொரு வேலியருகிலும் நின்று அவர் ஒரு விசில் அடிப்பாராம். அதைக் கேட்டதும் வீட்டுப் பெண்கள் காய்ந்த மிளகை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவார்களாம். அவர் பேரைவிட அந்த விசில்தான் அங்கே எல்லோருக்கும் தெரியுமாம். இப்போது உதட்டைக் குவித்தால் காற்றுதான் வருகிறது. குவித்துக் காட்டினார். காற்றுதான் வந்தது.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி அதே வாசலில் போய் உட்காருவேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆயிஷா அவர் தாடையைத் துடைத்துவிட்டாள். "விசில் போனாப் போகட்டும். ஆளு ஈக்கிறாரு" என்றாள்.

அந்த வாரம் மருந்துக்கடைக்குத் துத்தநாகத் தூள் வந்துசேர்ந்தது. தேன்மெழுகையும் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்து ஆயிஷாவின் குசினி அடுப்பில் உருக்கி, தூளைக் கலந்து கிண்டினோம். ஆறியதும் கெட்டியாக, வெள்ளையாக நின்றது. "இதப் பூசினா என்னப் பாத்துப் புள்ளைகள் ஓடும்" என்றார் நானா. "ஓடட்டும்" என்றோம் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில். உதட்டில் தையல் காய்ந்ததும் பூசிக்கொண்டுதான் வெளியே இறங்க வேண்டும் என்று ஆயிஷா அவரிடம் சத்தியம் வாங்கினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

விடுமுறை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. தம்புள்ளை வரை ஒருமுறை சைக்கிளில் போய்வர வேண்டும் என்று முடிவு செய்தேன். அத்தான் மறுக்கவில்லை. "முடியலைன்னா சைக்கிளை ஒரு லாரியில ஏத்திட்டு வந்துடுங்க. அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றார் மரியாதையாக.

வெள்ளைக் களிம்பு கைவசம் இருந்ததால் அதைத்தான் பூசுவேன் என்று அக்கா எதிர்பார்த்தாள். நான் சிவப்பையே எடுத்தேன். வியர்வையில் கரையாமல் நிற்பது சிவப்புதான். அதுவரை மாத்தளை முழுக்க அதைப் போட்டுக்கொண்டு சுற்றிவிட்டு, கடைசியில் பயந்து மாற்றினாள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

விடிந்தும் விடியாத நேரம். வாசலில் சைக்கிளோடு நின்று பூசிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மிஸிஸ் கனகசபை பூப் பறித்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கும் வெளிக்கிட்டாச்சோ?" என்று அக்காவைக் கேட்டார். "ஒண்டும் சொல்லேலையோ நீங்கள்?"

"சொல்லாம என்ன?" என்றாள் அக்கா. "ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு. அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

பிறகு என் அருகில் வந்து, தழும்புள்ள இடது மூலையில், நான் பூசினால் எப்போதும் ஒட்டாமல் நழுவுகிற அந்த இடத்தில், தன் விரல் நுனியால் சாயத்தை அழுத்தித் தேய்த்து நிரப்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பூப் பறிப்பது நின்றிருந்தது. அக்கா அவசரப்படவில்லை. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "போ" என்றாள்.

தம்புள்ளைக்குப் போகும்போது பெரும்பாலும் இறக்கம். மலைகள் பின்னால் நகர்ந்து, காடும் சமவெளியும் வந்தன. காற்று சூடாகிக்கொண்டே போயிற்று. நாலந்தை என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு மரத்தடியில் நிறுத்தி, அக்கா கட்டிக்கொடுத்த பாண் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். உதடு எரிந்தது, கழுவி, துடைத்து, மறுபடி பூசினேன். ஒரு பஸ் நிறைய வெள்ளுடை யாத்திரிகர்கள் கடந்து போனார்கள். ஜன்னல்தோறும் தலைகள் திரும்பின. கையசைத்தேன். சிலர் திருப்பி அசைத்தார்கள்.

தம்புள்ளைச் சந்தியில், பெரிய பாறையின் அடிவாரத்தில், உச்சி வெயிலில் போய் இறங்கினேன். வெயில் தணியும்வரை ஒரு கடையின் நிழலில் உட்கார்ந்து, இளநீர் ஒன்று, தேநீர் ஒன்று, பிறகு இன்னொரு இளநீர் குடித்தேன். பக்கத்து மேசையில் லாரிக்காரர்கள் நாலைந்து பேர். என்னையும் தொப்பியையும் சைக்கிளையும் பார்த்துத் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் சிங்களத்தில் கேட்டதைக் கடைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "நோனாவுக்கு எங்க கல்யாணம்னு கேக்குறாரு."

"கல்யாணம் இல்லை, மாத்தளைக்குத் திரும்பிப் போகணும்னு சொல்லுங்க. முழுக்க ஏத்தம்னு சொல்லுங்க."

கடைக்காரர் சொன்னார். சிரிப்பு குறைந்தது. சைக்கிளிலா என்று ஒருவர் கையால் மிதித்துக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். லாரியில் இடமிருக்கிறது, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று நல்லபடியாகவே கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

கைக்கண்ணாடியை மேசையில் சாய்த்து வைத்தேன். இளநீரில் கரைந்தது போக மிச்சமிருந்ததைத் துடைத்துவிட்டு, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மேலுதட்டுக்கு ஒரு பூச்சும் கீழுதட்டுக்கு இரண்டும் நிதானமாகப் பூசினேன். தொப்பியைக் கட்டினேன். வெயில் இப்போது முகத்துக்கு நேரே இருந்தது. மணியை ஒருமுறை அடித்துவிட்டு ஏற்றத்தில் மிதிக்க ஆரம்பித்தேன்.